"கொஞ்சம் எடுத்துக்கலாமா ப்ரோ?" – வீட்டு மர வேலைக்கு யார் பர்மிட் தர்றாங்க, யார் செக் பண்றாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முழுசா மாத்தாம, படிக்க வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கோம்.)

 

இன்னைக்கு எபிசோடு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்குது. நான் அனுப்பின மெசேஜ்தான். மெசேஜ்னு சொல்றதே அதிகம், ஒரு கட்டைவிரல் எமோஜி. அந்தக் கட்டைவிரலால எங்க பெரியம்மாவும் அவங்க பேத்தியும் தினமும் உட்கார்ற ஊஞ்சலுக்கு மேல இருந்த உத்திரத்தோட பலம் கிட்டத்தட்ட பாதி போயிடுச்சு.

ஒண்ணும் ஆகலை. யாருக்கும் அடிபடலை. அதை முதல்லயே சொல்லிடுறேன், பயப்படாம கேளுங்க. ஆனா அதுக்கப்புறம் நான் ஒரு கேள்விக்குப் பதில் தேட ஆரம்பிச்சேன். நம்ம ஊர்ல வீட்டுக்குள்ள மர வேலை பண்ணினா பர்மிட் வேணுமா? யாராவது வந்து செக் பண்ணுவாங்களா? இந்த எபிசோடு அதைப் பத்தித்தான்.

ஸ்ரீரங்கத்து வீடும் ஒரு ஏசி பைப்பும்

எங்க பெரியப்பா வீடு ஸ்ரீரங்கத்துல, கோயிலைச் சுத்தி இருக்கிற வீதிகள்ல ஒண்ணுல இருக்கு. ஸ்ரீரங்கம் போனவங்களுக்கு அந்த வீடுகள் எப்படி இருக்கும்னு தெரியும். வாசல்ல திண்ணை, உள்ள போனா நீளமா ரயில் பெட்டி மாதிரி கூடம், முற்றம், அடுக்களை, கொல்லைப்புறம். பக்கத்து வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல பல இடங்கள்ல ஒரே சுவர்தான், பொதுச் சுவர்.

மேல் தளம் கான்கிரீட் இல்லை. மெட்ராஸ் டெரஸ்னு சொல்லுவாங்க. சுவருக்குச் சுவர் பெரிய தேக்கு உத்திரம், அதுக்கு மேல குறுக்க சின்னச் சட்டங்கள். அந்தச் சட்டங்களுக்கு மேல மெல்லிசான செங்கல்லை சுண்ணாம்புக் கலவையில சாய்வா, குத்துவாக்குல நிறுத்தி அடுக்குவாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணி தெளிச்சு நாள்கணக்கா அடிச்சு இறுக்குவாங்க. கடைசியில தட்டோடு பதிப்பாங்க. நூறு வருஷம் தாண்டியும் நிக்கிற தளங்கள் இருக்கு.

இதுல முக்கியமான விஷயம், அந்த வீட்டுல மரம் அலங்காரம் இல்லை. மேல இருக்கிற செங்கல், சுண்ணாம்பு, ஓடு, மாடியில நடக்கிற ஆளு, எல்லா எடையும் மரத்து வழியாத்தான் சுவருக்குப் போகுது.

பெரியப்பாவுக்கு வயசாச்சு, வெயில் தாங்கலை. கூடத்துல ஏசி போடலாம், ஃபால்ஸ் சீலிங் போட்டா குளிர் நிக்கும், அப்படியே ஒரு டிவி யூனிட், ஷெல்ஃப், கதவெல்லாம் மாத்திடலாம்னு முடிவாச்சு. இன்டீரியர் பண்ற ஒரு டீமைப் புடிச்சுக் கொடுத்தது நான்தான். நான் வேலை பார்க்கிறது பெங்களூர்ல. அதனால மேற்பார்வை முழுக்க வாட்ஸ்அப்ல.

ஒரு நாள் மீட்டிங்ல இருக்கும்போது ஒரு போட்டோ வருது. உத்திரத்தோட அடிப்பக்கம், பென்சில்ல ரெண்டு கோடு. கீழ ஒரு வரி: "ஏசி பைப் குறுக்க போகணும், இந்த மரத்துல கொஞ்சம் எடுத்துக்கலாமா ப்ரோ? இல்லன்னா சீலிங் 2 இன்ச் இறங்கும்."

எனக்கு சீலிங் இறங்கக் கூடாது. அவ்வளவுதான் யோசிச்சேன். கட்டைவிரல் போட்டுட்டு மீட்டிங்குக்குத் திரும்பிட்டேன்.

"இதுல யார் உளி வச்சது?"

அடுத்த சனிக்கிழமை நான் ஊருக்கு வந்தேன். திங்கட்கிழமை சீலிங் போர்டு அடிச்சு மூடுறதா ப்ளான். அன்னைக்கு ஊஞ்சல் சங்கிலியைத் திரும்ப மாட்டிக் கொடுக்கிறதுக்கு பெரியப்பா தனக்குத் தெரிஞ்ச ஒரு பழைய ஆசாரியை வரச் சொல்லியிருந்தார். எழுபது வயசு இருக்கும். உள்ள வந்தவர் ஊஞ்சல் பலகையைப் பார்க்கவே இல்லை. நேரா மேல பார்த்தார்.

"ஐயா, இதுல யார் உளி வச்சது?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபிரேமைப் பார்த்தேன்.

ஆசாரி ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, வெட்டின இடத்துல விரலை வச்சு அளந்தார். அப்புறம் என்கிட்ட, "தம்பி, ஊஞ்சல இன்னைக்கு மாட்ட வேணாம். இன்ஜினியர் யாரையாவது கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் இதுக்குக் கீழ யாரும் படுக்காதீங்க"ன்னார். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு சவுக்குக் கட்டையை வரவழைச்சு, கீழ பலகை கொடுத்து, ஆப்பு அடிச்சு உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனார். கூலி கேட்டப்போ ஊஞ்சல் மாட்டினப்புறம் வாங்கிக்கிறேன்னுட்டார்.

இப்போ அந்த 2 இன்ச் கணக்கைச் சொல்றேன். உத்திரத்தோட உயரம் 8 இன்ச். அதுல 2 இன்ச் போனா கால்வாசி பலம் போச்சுன்னுதானே தோணும்? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஒரு உத்திரம் வளையாம தாங்குற பலம், அதோட உயரத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. 8 பெருக்கல் 8, 64. 6 பெருக்கல் 6, 36. அதாவது 64 பங்கு இருந்த இடத்துல 36 பங்குதான் மிச்சம். வெட்டின இடத்துல போனது 44 சதவீதம்.

அதோட இன்னும் ரெண்டு விஷயம் சேருது. உத்திரம் பாரத்துல வளையும்போது அதோட அடிப்பக்கம் இழுபடும். நாங்க வெட்டினது சரியா அந்த அடிப்பக்கத்துல. வளைவு ரொம்ப அதிகமா இருக்கிறது நடுப்பகுதியில. நாங்க வெட்டினதும் சரியா நடுப்பகுதியில, ஊஞ்சல் கொக்கியில இருந்து ஒன்றரை அடி தள்ளி. ஊஞ்சல் ஆடும்போது வர்ற பாரம் சும்மா தொங்குற பாரத்தை விட அதிகம். மரத்துல மூலை விட்டு வெட்டின இடத்துலதான் விரிசல் முதல்ல கிளம்பும்.

அந்த டீம் பசங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்க தினமும் வேலை செய்யறது கான்கிரீட் ஃப்ளாட்ல. அங்க சீலிங்குக்குள்ள இருக்கிற மரம் எதையும் தாங்காது, சும்மா ஃபிரேம்தான். அவங்க கேட்டாங்க. சரின்னு சொன்னது நான்.

பர்மிட் வேணுமா, வேணாமா?

இன்ஜினியர் வர்றதுக்குள்ள எனக்கு ஒரு பயம். மாநகராட்சியில சொல்லாம பண்ணிட்டோமோ? உட்கார்ந்து படிச்சேன். கேட்டும் தெரிஞ்சுக்கிட்டேன்.

முதல்ல அடிப்படை. ஸ்ரீரங்கம் ஒரு காலத்துல தனி நகராட்சி. 1994-ல திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளை எல்லாம் சேர்த்து திருச்சிராப்பள்ளி மாநகராட்சி ஆச்சு. அதனால இன்னைக்கு ஸ்ரீரங்கத்துல வீடு கட்ட அனுமதி தர்ற உள்ளாட்சி அமைப்பு மாநகராட்சிதான். எந்த விதிப்படின்னா, தமிழ்நாடு முழுக்க ஒரே புத்தகம்: தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019.

இந்த மாதிரி விதிகளுக்கெல்லாம் தேசிய அளவுல ஒரு மாதிரி இருக்கு. இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட நேஷனல் பில்டிங் கோட், 2016. அதுல எந்த மாற்றத்துக்கெல்லாம் பர்மிட் தேவையில்லைன்னு ஒரு பட்டியலே இருக்கு. கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் திறக்கிறது, மூடுறது. ரெண்டு அறைக்கு நடுவுல கதவு வைக்கிறது. பார்ட்டிஷன். ஃபால்ஸ் சீலிங். பெயின்ட், வெள்ளையடிப்பு. பூச்சு வேலை. தரை மாத்துறது. ஓடு மாத்துறது.

பார்த்தீங்களா? வீட்டுக்குள்ள நம்ம பண்ற மர வேலை முக்கால்வாசி இந்தப் பட்டியல்ல வந்துடுது. வார்ட்ரோப், கிச்சன் கேபினட், டிவி யூனிட் இதெல்லாம் கட்டடமே இல்லை, மரச்சாமான். அதுக்கு யாரும் அனுமதி கேட்கப் போறதில்லை.

அப்பாடான்னு மூச்சு விட்டேன். அப்புறம்தான் அந்தப் பட்டியலுக்கு மேல இருந்த வரியைப் படிச்சேன். அந்த வேலைகள் கட்டடத்தோட பொதுத் தேவைகளையும், கட்டமைப்பு உறுதியையும், தீ பாதுகாப்பையும் மீறாத வரைக்கும்தான் அந்த விலக்கு.

ஃபால்ஸ் சீலிங்குக்கு பர்மிட் வேணாம். ஆனா ஃபால்ஸ் சீலிங்குக்காக உத்திரத்தை வெட்டினா அது ஃபால்ஸ் சீலிங் வேலை இல்லை, கட்டமைப்பு வேலை. நான் அந்தக் கோட்டைத் தாண்டிட்டேன், தாண்டினது எனக்கே தெரியலை.

இன்னொரு உதாரணம். கதவு மாத்துறது ரொம்பச் சாதாரண வேலை. ஆனா பழைய வீடுகள்ல கதவு நிலைக்கு மேல கான்கிரீட் லிண்டல் இருக்காது, மரப் பலகையோ கட்டையோதான் சுவரைத் தாங்கிட்டு நிக்கும். நிலையைப் பிடுங்கும்போது அதையும் சேர்த்துப் பிடுங்கினா மேல இருக்கிற செங்கல் கீழ வரும். "கதவு மாத்துறேன்"ங்கிற ஒரே வார்த்தை, ஃப்ளாட்ல ஒரு அர்த்தம், அந்த வீட்டுல வேற அர்த்தம்.

அதனால என் மனசுல நான் இப்படிப் பிரிச்சு வச்சிருக்கேன். வீட்டுல ரெண்டு வகை மரம் இருக்கு. இடத்தை நிரப்புற மரம், எடையைத் தாங்குற மரம். நிரப்புற மரத்துல உங்க இஷ்டம். தாங்குற மரத்துல கை வைக்கணும்னா பதிவு பெற்ற இன்ஜினியர் ஒருத்தர் பார்க்கணும், அனுமதி வேணுமான்னு மாநகராட்சியிலயும் கேட்கணும்.

நிச்சயமா அனுமதி தேவைப்படுறது எதெல்லாம்? பரப்பு கூடினா. மாடியில புதுசா அறை எழுப்பினா, நிரந்தரமா கூரை போட்டா. சுமை தாங்குற சுவரை எடுத்தா. வீட்டைக் கடையாவோ, பக்தர்கள் தங்குற லாட்ஜாவோ மாத்தினா. ஸ்ரீரங்கத்துல இந்தக் கடைசி ஒண்ணு நிறைய நடக்குது. உள்ள ப்ளைவுட் பார்ட்டிஷன் அடிச்சு ஒரு கூடத்தை நாலு ரூமாக்கிடுறாங்க. பார்ட்டிஷனுக்கு பர்மிட் வேணாம்தான், ஆனா வீட்டோட பயன்பாடே மாறுது. ராத்திரி தீப்பிடிச்சா அந்த நாலு ரூம்ல இருக்கிறவங்க எந்த வழியா வெளிய வருவாங்கன்னு யோசிச்சாலே அது ஏன் வேற கேள்வின்னு புரியும். அதே மாதிரி திண்ணையை அடைச்சு மரத் தடுப்பு வைக்கிறோம்னு ரோட்டுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தா அது ஆக்கிரமிப்பு.

அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. உங்க ஃப்ளாட்டுக்குள்ள இருக்கிற தூணும் பீமும் உங்களோடது மட்டும் இல்லை. அசோசியேஷன்ல எழுத்துல சொல்லிட்டு, ட்ராயிங்கைக் காட்டிட்டு ஆரம்பிங்க.

அப்போ யார் வந்து பார்ப்பாங்க?

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அமெரிக்காவுல இருக்கான். வீட்டுக்குப் பின்னாடி ஒரு மர டெக் போடப் போறேன், பர்மிட்டுக்கு வெயிட்டிங்னு சொன்னப்போ நான் சிரிச்சிருக்கேன். நாலு பலகைக்கு பர்மிட்டான்னு. இப்போ அவனுக்கு ஃபோன் போட்டு விசாரிச்சேன்.

அங்க வீடே மரத்துல கட்டுறது. அதனால இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோட்னு ஒரு மாதிரி விதி இருக்கு. நிறைய மாநிலங்கள் அதைத் தங்களோட மாற்றங்களோட எடுத்துக்கிட்டிருக்கு. அதுலயும் கேபினட்டுக்கு, பெயின்ட்டுக்கு பர்மிட் தேவையில்லை. அந்த விஷயத்துல நம்ம பட்டியலும் அவங்க பட்டியலும் ஏறக்குறைய ஒண்ணுதான். வித்தியாசம் எங்கன்னா, பர்மிட் தேவைப்படுற வேலைக்கு நடுவுல நிறுத்தி செக் பண்ணுவாங்க. மரச் சட்டகம் எல்லாம் நின்னு, வயரிங், பைப் போனதுக்கப்புறம், சுவர்ப் பலகை அடிச்சு மூடுறதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர் வருவார். அவர் ஓகே சொல்லாம மூடக்கூடாது.

இன்னொண்ணும் அந்தக் கோட்ல இருக்கு. தளத்தைத் தாங்குற மரச் சட்டத்தோட நடுப்பகுதியில, நீளத்தை மூணாப் பிரிச்சா நடுப் பங்குல, வெட்டுக் கொடுக்கவே கூடாது. மத்த இடத்துலயும் உயரத்துல ஆறுல ஒரு பங்குக்கு மேல எடுக்கக் கூடாது. 8 இன்ச் மரத்துக்கு அது ஒண்ணே கால் இன்ச் சொச்சம். நாங்க எடுத்தது 2 இன்ச், அதுவும் நட்ட நடுவுல.

நம்ம ஊர்ல அப்படி ஒரு மர வேலை இன்ஸ்பெக்டர் கிடையாது. வயரிங் வேலைக்கு லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கு. தச்சு வேலைக்கு அப்படி லைசென்ஸ் இல்லை. நல்ல ஆசாரி யார்ங்கிறது இன்னும் வாய்வழியாத்தான் தெரிய வருது.

அதோட, அரசாங்கம் போற திசையும் கவனிக்கணும். 2024 ஜூலை 22-ல தமிழ்நாட்டுல சுய சான்றிதழ் திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில, 3,500 சதுர அடிக்குள்ள, தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ வீடு கட்டினா, ஆன்லைன்ல நாமளே விவரம் கொடுத்து, கட்டணம் கட்டி உடனே அனுமதி வாங்கிக்கலாம். முன்கூட்டியே கள ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம். வேலை முடிஞ்சதுக்கப்புறம் முடிவுச் சான்றிதழும் வேண்டாம்.

எனக்கு இது நல்ல திட்டம்னுதான் தோணுது. ஒரு சின்ன வீட்டுக்காக மாசக்கணக்கா அலைஞ்சவங்களைக் கேட்டா தெரியும். ஆனா இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. அரசாங்கம் உங்க கையெழுத்தை நம்புது. அப்படின்னா சரியா இருக்கான்னு பார்க்க வேண்டிய ஆள் இனிமே நீங்கதான். அந்த வேலையை நான் பெங்களூர்ல இருந்து கட்டைவிரலால பார்த்தேன்.

விரிசல் முன்னாடியே சொல்லும்

2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை அதிகாலை. ஸ்ரீரங்கம் கோயிலோட கிழக்கு வாசல் கோபுரத்துல கீழ் நிலையோட ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துச்சு. பகல்ல எந்நேரமும் ஆட்கள் போற வழி. விழுந்தது ராத்திரியில, யாருக்கும் காயம் இல்லை. அந்தக் கோபுரத்துல விரிசல் இருந்தது முன்னாடியே தெரிஞ்ச விஷயம்.

அடுத்த புத்தாண்டு, 2024 ஜனவரி 1. திருச்சி அரியமங்கலம் பக்கம் ஒரு பழைய வீட்டோட மேற்கூரை தூக்கத்துல இருந்தவங்க மேல இடிஞ்சு விழுந்து ஒரே குடும்பத்துல 4 பேர் இறந்தாங்க.

இந்த ரெண்டுக்கும் எங்க உத்திரத்துக்கும் நேரடியா சம்பந்தம் இல்லை. ஆனா ஆசாரி "கீழ படுக்காதீங்க"ன்னு சொன்னப்போ பெரியம்மா முகம் மாறினது ஏன்னு எனக்குப் புரிஞ்சது. பழைய கட்டடம் பெரும்பாலும் சொல்லிட்டுத்தான் விழும். விரிசல் காட்டும், தொய்வு காட்டும், மரத்தூள் உதிரும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிட்டா அது சொல்றது நமக்குக் கேட்காது. திங்கட்கிழமை எங்க வீட்டுல அதுதான் நடந்திருக்கும்.

நிலை வைக்கிற நாள்

முட்டுக் கொடுத்துட்டு டீ குடிக்கும்போது ஆசாரி ஒரு விஷயம் சொன்னார். "முன்னெல்லாம் நிலை வைக்கிற அன்னைக்கு வீட்டுல எல்லாரும் நிப்பாங்க தம்பி. இப்ப பணத்த ஃபோன்ல போட்டுடுறாங்க."

நிலை வைக்கிறதுன்னா வாசக்கால் நிறுத்துறது. நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வச்சு, மாவிலை கட்டி, ஆசாரிக்கு வேட்டி, வெத்திலை பாக்கு, தட்சணை கொடுத்துச் செய்யறது. நான் அதை சடங்குன்னு மட்டும்தான் நினைச்சிருந்தேன். அவர் சொன்னதுக்கப்புறம் யோசிச்சுப் பார்த்தா, அன்னைக்கு அந்த இடத்துல யாரெல்லாம் இருக்காங்க? வீட்டுக்காரர், கொத்தனார் மேஸ்திரி, ஆசாரி, ரெண்டு பெரியவங்க. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறாங்க. ரசமட்டம் வைக்கிறாங்க. எல்லார் கண்ணு முன்னாடியும் மட்டம் சரியான்னு தெரிஞ்சதுக்கப்புறம்தான் அடுத்த செங்கல். அப்புறம்தான் ஆசாரிக்குப் பணம்.

அதாவது வேலையை நடுவுல நிறுத்துறது, எல்லாரும் சேர்ந்து பார்க்கிறது, சரியா இருந்தா பணம் கொடுக்கிறது. இன்ஸ்பெக்ஷன்னா இதுதானே?

நாலு இடத்துல நிறுத்துங்க

அதனால நான் இப்போ ஃப்ரெண்ட்ஸ் யார் வீட்டு மர வேலை பத்திக் கேட்டாலும், நாலு இடத்துல நிறுத்தச் சொல்றேன். நோட் பண்ணிக்கோங்க.

முதல் நிறுத்தம், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. பழைய வீடா இருந்தா, ஒரு கட்டமைப்பு இன்ஜினியரையோ, அந்த மாதிரி வீடுகள்ல வேலை செஞ்ச ஆசாரியையோ ஒரு மணி நேரம் கூட்டிட்டு வந்து வீட்டைச் சுத்துங்க. தாங்குற மரம் எல்லாத்துலயும் சிவப்பு சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. கோடு போட்ட மரத்துல ஆணி கூட கேட்காம அடிக்கக் கூடாதுன்னு டீம்கிட்ட சொல்லிடுங்க. உத்திரத்தோட முனை சுவருக்குள்ள போற இடத்தை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. ஈரம் தங்கி முதல்ல மக்குற இடம் அதுதான். மெத்துனு உள்ள போனா வேற எந்த வேலையும் ஆரம்பிக்காதீங்க. சுவர் ஓரமா மண் கோடு ஏறியிருந்தா கரையான், முதல்ல மருந்து. பொதுச் சுவரா இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, அவங்க உத்திரமும் அதே சுவர்லதான் உட்கார்ந்திருக்கும்.

ரெண்டாவது, மரமும் ப்ளைவுட்டும் வந்து இறங்கும்போது. ப்ளைவுட்ல ஐஎஸ்ஐ முத்திரைக்குப் பக்கத்துல இருக்கிற நம்பரைப் பாருங்க. 303-னு இருந்தா பொதுப் பயன்பாட்டுக்கு, 710-னு இருந்தா மரைன் ப்ளைவுட், தண்ணிப் புழக்கம் இருக்கிற இடத்துக்கு. சிங்க்குக்குக் கீழ 710-க்குக் காசு கொடுத்துட்டு 303 வாங்கினவங்க நிறையப் பேர். லேமினேட் ஒட்டினப்புறம் கண்டுபிடிக்க முடியாது. கதவு, நிலைக்கு மரம்னா நல்லா காய்ஞ்சதான்னு கேளுங்க. பச்சை மரத்துல செஞ்ச கதவு முதல் கோடையிலயே முறுக்கிக்கும்.

மூணாவது, நிலை வைக்கும்போது. பூஜை போடுறதும் போடாததும் உங்க இஷ்டம், ஆனா அங்க இருங்க. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க. அப்புறம் டேப்பால மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் குறுக்கா அளந்து பாருங்க. ரெண்டும் ஒரே அளவா இருந்தா நிலை சதுரமா நிக்குது. சுவருக்குள்ள மறையப் போற பக்கத்துல கரையான் மருந்தோ ப்ரைமரோ அடிச்சாச்சான்னு திருப்பிப் பாருங்க, வச்சதுக்கப்புறம் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கவே முடியாது.

நாலாவது, ரொம்ப முக்கியமானது, மூடுறதுக்கு முன்னாடி. சீலிங்கோ, சுவர்ப் பேனலோ, தரைக்கு மேல மரத்தளமோ எதுவா இருந்தாலும் அடிச்சு மூடுறதுக்கு முன்னாடி ஒரு முழு நாள் வேலையை நிறுத்துங்க. பைப் எங்க போகுது, வயர் எங்க போகுது, எங்கெல்லாம் வெட்டியிருக்காங்கன்னு ஒவ்வொரு அடியையும் போட்டோ எடுங்க, பக்கத்துல அளவு டேப்பைப் பிடிச்சுக்கிட்டு. நீங்க ஊர்ல இல்லைன்னா உங்களுக்குப் பதிலா நம்பிக்கையான ஒருத்தர் நேர்ல நிக்கணும். வீடியோ கால் பத்தாது, எனக்கு வந்த போட்டோல எல்லாமே தெளிவாத்தான் இருந்துச்சு.

இந்த நாலு நிறுத்தத்தையும் பணத்தோட கட்டிடுங்க. அட்வான்ஸ் இவ்வளவு, நிலை சரியா நின்னதும் இவ்வளவு, மூடுறதுக்கு முன்னாடி பார்த்ததும் இவ்வளவு, எல்லாக் கதவும் உரசாம மூடினதும் கடைசித் தொகைன்னு ஒரே ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. "எந்தப் பழைய மரத்தையும், சுவரையும், பீமையும் எழுத்துல அனுமதி இல்லாம வெட்டக் கூடாது"ன்னு அதுல ஒரு வரி இருக்கட்டும். யாரையும் சந்தேகப்படுறதா நினைக்க மாட்டாங்க. நல்ல வேலைக்காரங்களுக்கு இது பிடிக்கும், ஏன்னா அப்புறம் பழி அவங்க மேல வராது.

அந்த ஊஞ்சல் என்னாச்சு?

திங்கட்கிழமை இன்ஜினியர் வந்தார். உத்திரத்தோட ரெண்டு பக்கமும் சுவருக்குச் சுவர் ரெண்டு ஸ்டீல் சேனல் வச்சு, நடுவுல போல்ட் போட்டு இறுக்கச் சொன்னார். செஞ்சு முடிக்க ஒன்பது நாள் ஆச்சு. செலவு ஏசியை விட அதிகம், அதை நான் கொடுத்தேன். ஏசி பைப் சுவர் ஓரமா சுத்திப் போகுது, யார் கண்ணுக்கும் அது அசிங்கமாத் தெரியலை. அந்த டீம் பசங்களும் ஒன்பது நாளும் கூடவே இருந்தாங்க. அதுல ஒருத்தன் இப்போ எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் முதல்ல அந்த ஆசாரிக்கு ஃபோன் பண்றானாம்.

ஃபால்ஸ் சீலிங் வேணாம்னு பெரியப்பா சொல்லிட்டார். "மரம் கண்ணுல படட்டும்"னார். அவ்வளவுதான், என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

ஊஞ்சல் மாட்டினதுக்கப்புறம் ஆசாரி முதல்ல தானே உட்கார்ந்து ரெண்டு ஆட்டம் ஆடிப் பார்த்தார். அப்புறம் என்னை உட்காரச் சொன்னார். அதுக்கப்புறம்தான் பெரியம்மாவும் குழந்தையும். கூலியையும் அப்போதான் வாங்கிக்கிட்டார்.

உங்க வீட்டுலயோ, தாத்தா பாட்டி வீட்டுலயோ இப்போ மர வேலை நடந்துக்கிட்டிருந்தா, இந்த எபிசோடை அங்க நேர்ல நிக்கிற ஆளுக்கு அனுப்புங்க. உங்களுக்கு இந்த மாதிரி அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சேர்த்துப் பேசலாம்.